‘தொல்லியல் தடையில்லாச் சான்று’ விற்க வருகிறவர்களிடம் கவனம்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன்: 68,000 ரூபாய். ஊரில் வீடு வீடாகப் பிரித்த பணம். கூட்டுறவு வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் காசாளராக இருந்து, விரல் பட்டதுமே கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கிறவன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தப் பணத்தை என் கையாலேயே எண்ணிக் கொடுத்தேன். ரசீதுகூட வாங்கவில்லை.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பழங்காலப் புதைகாடு கண்டெடுக்கப்பட்ட ஆதிச்சநல்லூருக்கு பஸ்ஸில் போனால் அரை மணி நேரம். ஊர்ப் பெயர் வேண்டாம். தெரிந்தால் மண்வெட்டியோடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஊருக்கு மேற்கே ஒரு பறம்பு, அதாவது மேட்டு நிலம். மழை பெய்து ஓய்ந்தால் அங்கே எங்கு பார்த்தாலும் பானை ஓடு தெரியும். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக இருக்கும் ஓடுகள். அவற்றைத் தேய்த்து வட்டமாக்கிச் சில்லு விளையாடி வளர்ந்தவர்கள் நாங்கள். கீழடியில் இதே போன்ற வட்டச் சில்லுகள் கிடைத்த செய்தியைப் படித்தபோது, தெருவில் எல்லோரும் தங்கள் முழங்கால் தழும்பைத் தடவிப் பார்த்திருப்பார்கள்.

அந்தப் பறம்பின் ஓரத்தில்தான் நூலகமும் சமுதாயக்கூடமும் கட்ட இடம் ஒதுக்கியிருந்தார்கள். பாதி அரசுப் பணம், மீதி ஊர்ப் பணம். கமிட்டிக்கு நான் பொருளாளர். தரையை மட்டம் செய்ய ஜேசிபி வந்த இரண்டாவது நாள், ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினார். “அண்ணாச்சி, பானை வாய் மாதிரி ஏதோ தெரிகிறது. இதற்கு மேல் நான் தோண்டமாட்டேன்” என்றார். இந்தக் கதையில் ஒழுங்காக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்கே கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலையில்லை. ஆனால் டீக்கடையில் ஒருவர், “தொல்லியல் துறைக்குச் சொன்னால் பத்து வருடத்துக்குச் செங்கல் வைக்க விடமாட்டார்கள்” என்றார். நாங்களும் நம்பினோம். பயந்தவனுக்குக் குறுக்கு வழி தானாகவே வந்து வாய்க்கும். கமிட்டியில் ஒருவருடைய மைத்துனர், தனியாகத் தொல்லியல் ஆய்வு செய்து கொடுக்கும் ஒருவரைத் தெரியும் என்றார். இடத்தைப் பார்த்து, ஆய்வு செய்து, தடையில்லாச் சான்றும் தருவாராம்.

வந்தார். வட்டத் தொப்பி, சட்டைப் பையில் நாலைந்து தூரிகை, கையில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட அளவுகோல். பேச்சும் அதற்குக் குறைவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததை, ஏதோ தானே தோண்டி எடுத்தது போலச் சொன்னார். “லண்டனில் எல்லாம் கட்டடம் கட்டுகிறவர்களே எங்களைப் போன்றவர்களை வைத்துத்தான் ஆய்வு செய்துகொள்கிறார்கள்” என்றார். இது பொய்யில்லை. இங்கிலாந்தில் 1990லிருந்து அப்படி ஒரு முறை இருக்கிறது. ஆனால் அங்கேயும் எங்கே, எப்படித் தோண்டப் போகிறோம் என்று திட்டம் எழுதி, உள்ளாட்சியின் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் மண்ணில் கை வைப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. முழுப் பொய் சொல்லியிருந்தால் ஒருவேளை நான் விழித்திருப்பேன்.

முன்பணம் 25,000. மறு வாரம் ‘ரேடார்’ கொண்டுவந்தார். நீளக் கம்பியின் நுனியில் தட்டு மாதிரி ஒன்று. தரைக்கு மேலே ஆட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் அது கீச்சிட்டது. தோண்டினால் ஒரு மாட்டு லாடம். “தொன்மையான இரும்பு” என்று காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். அது லாடம் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் வண்டி மாடு இருந்தது. ஆனாலும் படித்தவர் சொல்கிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன். தரைக்குள் பார்க்கும் உண்மையான ரேடார் கீச்சிடாது, அதைப் பெட்டி போலத் தரையோடு வரிசை வரிசையாக இழுத்துப் போவார்கள், பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. இன்னொரு 30,000 வாங்கிக்கொண்டு, கடப்பாரையோடு இரண்டு ஆட்களை அழைத்து வந்தார். காலை ஏழு மணிக்குத் தொடங்கி, பத்து மணிக்குள் கிணறு மாதிரி ஒரு வட்டக் குழி. உள்ளே தாழி, இறந்தவர்களைப் புதைக்க அந்தக் காலத்தில் வைத்த பெரிய பானை. முக்கால் ஆள் உயரம் இருக்கும். கழுத்துக்குக் கீழே விரல் நுனியால் அழுத்தி அழுத்திச் செய்த ஒரு வரிசை, மண்ணில் கயிறு கட்டியது போல. குழிக்குள் இறங்கி அந்தப் பள்ளங்களில் ஒன்றில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. அழுத்தியது சின்ன விரல்.

“அண்ணாச்சி, கோலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நில்லுங்கள்” என்று என்னைத் தாழிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு ஆட்கள் தாழியை வெளியே எடுக்கக் கடப்பாரையை அடியில் கொடுத்தார்கள். தாழி தோள்பட்டையில் விரிசல் விட்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே மண், சின்னக் கிண்ணங்கள் மூன்று, எலும்புத் துண்டுகள், துருப்பிடித்த நீளமான ஒன்று. எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளி, பெயின்ட் வாளி ஒன்றிலும் உரச் சாக்கு ஒன்றிலும் போட்டார். எது எந்த ஆழத்தில் இருந்தது என்று ஒரு வரி எழுதவில்லை. “சோதனைக்கு” என்று சொல்லிக் காரில் ஏற்றினார். பழம்பொருளின் வயதைச் சொல்லும் ‘கார்பன் சோதனை’க்குத் தனியாக 13,000. சிவகளையில் செய்த அதே சோதனை என்றார்.

ஐந்து வாரம் கழித்துக் கூரியரில் அறிக்கை வந்தது. 32 பக்கம், கம்பிச்சுருள் பைண்டிங், அட்டையில் தாழியின் வண்ணப் படம். ஒன்பதாம் பக்கத்தில் ‘ஆய்வுப் பகுதி பாலாற்றின் தென்கரையில் அமைந்துள்ளது’ என்று இருந்தது. பாலாறு எங்கே, நாங்கள் எங்கே? சர்வே எண் எங்களுடையது இல்லை. லாடத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார். பானை ஓட்டின் வயது 2,850 ஆண்டுகள் என்று போட்டிருந்தது. எந்த ஆய்வகம், மாதிரி எண் என்ன, ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் ஊதா முத்திரை குத்தி, ‘மேற்படி இடத்தில் கட்டுமானம் செய்யத் தொல்லியல் ரீதியாக ஆட்சேபணை இல்லை.’

அதை ஒன்றியப் பொறியாளரிடம் கொண்டுபோய் நீட்டினேன். கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தார். “இதில் கையெழுத்துப் போட இவர் யார்?” என்றார். அந்த ஒரு கேள்வியை 68,000 ரூபாய்க்கு முன்னால் நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம். டீக்கடையில் சொன்ன பத்து வருடம் ஆகவில்லை. மூன்றாவது வாரமே தொல்லியல் அலுவலர் வந்தார். குழியின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். அகழாய்வு என்பது யாரும் காசு வாங்கிக்கொண்டு செய்து தரும் வேலை இல்லை. மாநில அரசே ஓர் இடத்தில் தோண்ட நினைத்தாலும் மத்திய அரசிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மாநில அரசுக்கே அப்படியென்றால் தொப்பி போட்டு வந்தவருக்கு என்ன? ‘தடையில்லாச் சான்று’ என்ற பெயரில் இருக்கிற ஒன்று, மத்திய அரசு பாதுகாக்கும் நினைவுச் சின்னங்களைச் சுற்றிக் கட்டுவது பற்றியது. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டவே கூடாது. அதற்கப்பால் 200 மீட்டருக்குள் கட்ட, தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் பரிந்துரையோடு சான்று வேண்டும். அதைத் தருவது அதற்கென உள்ள அரசு அதிகாரி. தனி ஆள் எவரும் முத்திரை குத்தித் தர முடியாது. எங்கள் பறம்பு பாதுகாக்கப்பட்ட சின்னமே இல்லை என்பதால் அந்தச் சான்று எங்களுக்குத் தேவையும் இல்லை. தேவையில்லாத ஒன்றை, தர அதிகாரம் இல்லாத ஒருவரிடம் விலைக்கு வாங்கியிருக்கிறோம்.

தேவைப்பட்டது வேறு. மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். ஜேசிபி நின்ற அன்றே செய்ய வேண்டிய வேலை அதுதான். செலவு ஒரு வெள்ளைத்தாள்.

‘கார்பன் சோதனை’யைச் சொன்னபோது அலுவலர் முதல்முறையாகச் சிரித்தார். “சிவகளையில் கார்பன் வயது பார்த்தது பானைக்கு இல்லை ஐயா, அங்கே கிடைத்த நெல், கரி மாதிரியானவற்றுக்கு” என்றார். உண்மைதான். கி.மு. 1155 என்று 2021இல் சட்டசபையில் அறிவித்தது தாழிக்குள் இருந்த நெல்லின் காலத்தை. உயிருள்ள ஒன்றின் மிச்சம், அதாவது நெல், கரி, எலும்பு இப்படி ஏதாவது வேண்டும். வெறும் ஓட்டை வைத்துக்கொண்டு கார்பன் வயது சொல்கிறவரிடம், எதைச் சோதித்தீர்கள், எந்த ஆய்வகத்தில் என்று கேட்டாலே போதும், பேச்சு மாறும்.

சட்டத்தைவிட எனக்கு உறைத்தது அவர் சொன்ன வேறொன்று. சதுரமாகக் குழி போட்டு, சுவரைச் செங்குத்தாக விட்டு, கரண்டியால் சுரண்டிச் சுரண்டித்தான் இறங்குவார்களாம். அப்போதுதான் சுவரில் மண்ணின் நிறம் மாறி மாறி அடுக்காகத் தெரியும். தாழி புதைக்க வெட்டிய பழைய குழியின் கோடுகூடத் தெரியும். எலும்பை வெறுங்கையால் தொட்டால் தொட்டவருடைய மரபணுவும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் தோண்டிய குழியின் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “கிண்ணங்கள் தாழிக்குள் எந்த மூலையில் இருந்தன, கவிழ்ந்திருந்தனவா, நிமிர்ந்திருந்தனவா?” என்று கேட்டார். நான் பக்கத்திலேயே நின்றவன். எனக்கு நினைவில்லை.

கட்டடத்துக்கு வழி அன்றைக்கே பிறந்துவிட்டது. அவர் பறம்பிலும் அதற்குக் கிழக்கே பழைய களத்துமேட்டிலும் நீளவாக்கில் கோடு போட்டது போல நடந்து, ஒவ்வொரு பத்தடிக்கும் எத்தனை ஓடு என்று குறித்தார். பறம்பில் கணக்கில்லை. களத்துமேட்டில் ஒன்றிரண்டு, அதுவும் மழையில் உருண்டு வந்தவை. பக்கத்துக் கிணற்றின் பக்கச் சுவரையும் எட்டிப் பார்த்தார். கட்டடத்தை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள், கடைக்கால் தோண்டும்போது ஏதாவது தென்பட்டால் நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள் என்றார். இரண்டு மணி நேர வேலை. நாங்கள் கொடுத்தது ஒரு டம்ளர் மோர்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கியிருக்கிறேன். விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆளுடைய சான்றிதழ் என்று அன்று காட்டியது, ஏதோ ஒரு வாரப் பயிலரங்கில் உட்கார்ந்து வந்ததற்கான பங்கேற்புச் சான்றாம். எங்களைப் போல வேறு ஊர்களும் ஏமாந்திருக்கின்றன என்று கேள்வி. பாலாற்றுக் கரையில் ஓர் ஊர் நிச்சயம் இருக்க வேண்டும். வாளியும் சாக்கும் எங்கே போயின என்பதற்குத்தான் இதுவரை பதில் இல்லை.

போன் அடித்தால் மணி போகிறது, எடுப்பதில்லை. ஆனால் வாட்ஸ்அப்பில் இருக்கிறார். முகப்புப் படத்தை மாற்றியிருக்கிறார்: எங்கள் தாழி, பிளப்பதற்கு முன்னால். பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் சிவப்பு வெள்ளைக் கோலும், ரப்பர் செருப்புப் போட்ட ஒரு காலும் தெரியும். அந்தக் கால் என்னுடையது.