வில்லனே அப்பாவாக வந்து விற்ற ஆப்

நின்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் கருவியான ஸ்விட்ச்சை வாங்கின வீடுகளில் பாதிப்பேர் கண்டுகொள்ளாத ஒன்று, பிள்ளைகள் ஆடுவதைப் பெற்றோர் கட்டுப்படுத்த நின்டெண்டோ தருகிற ‘பேரன்டல் கன்ட்ரோல்ஸ்’ ஆப். இலவசம். ஃபோனில் இறக்கி, அது காட்டுகிற பதிவு எண்ணை ஸ்விட்ச்சில் போட்டால் இரண்டும் இணைந்துவிடும்.

ஆப்பை விட அதன் விளம்பரம் கெட்டிக்காரத்தனமானது. 2017 மார்ச்சில் ஸ்விட்ச் கடைக்கு வந்தது. ஜனவரியிலேயே வீடியோ வந்துவிட்டது. மாரியோ கேமில் இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடுவானே பௌசர், அவன்தான் அதில் அப்பா. மகன் ஜூனியர் ஆடுகிறான், இவர் ஃபோனில் கணக்குப் பார்க்கிறார். நெருப்பு கக்குகிற ராட்சசனுக்கே இந்த ஆப் வேண்டியிருக்கிறது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்! பார்க்கிற பிள்ளைக்குச் சிரிப்பு, பர்ஸைத் திறக்கப்போகிற நமக்கு நிம்மதி. ஒரே வீடியோவில் இரண்டு பேருக்கும் விற்றாயிற்று.

இந்த வித்தை நின்டெண்டோவுக்குப் புதிதில்லை. 1983-ல் அமெரிக்காவில் வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது, கடைக்காரர்கள் கேம் என்றாலே வேண்டாம் என்றார்கள். 1985-ல் நின்டெண்டோ தன் கேம் பெட்டியோடு ஆர்.ஓ.பி. என்று ஒரு ரோபோவைச் சேர்த்து, பொம்மையாகக் கடைக்குள் நுழைத்தது. அந்த ரோபோவுக்கென்று வந்த கேம் இரண்டே இரண்டு. உள்ளே போக அது போதுமாயிருந்தது.

சரி, ஆப்புக்கு வருவோம். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், எத்தனை மணிக்கு மேல் கூடாது, எந்த வயதுக்கான கேம் என்றெல்லாம் வைக்கலாம். கிழமைக்கு ஒரு கணக்கும் வைக்கலாம். சனி, ஞாயிறு தாராளம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நேரம் முடிந்ததும் திரையில் அலாரம் வரும், அவ்வளவுதான். கேம் பாட்டுக்கு ஓடும். நிஜமாகவே நிறுத்த வேண்டுமென்றால் ‘சஸ்பெண்ட் சாஃப்ட்வேர்’ என்பதை நாமாகத் தேடி ஆன் செய்ய வேண்டும். பிள்ளைகள் இதை முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நேர வரம்பு கருவிக்குத்தான், ஆளுக்கு இல்லை. அக்கா ஆடித் தீர்த்தால் தம்பிக்கு மிச்சமிருக்காது. மாதாமாதம் வரும் அறிக்கை எனக்கு ரொம்பப் பிடிக்கும். போன மாதம் எங்கள் வீட்டில் மாரியோ கார்ட் என்கிற ரேஸ் கேம்தான் முதலிடம். அதில் பாதி, பிள்ளைகள் தூங்கின பிறகு என் வீட்டுக்காரர் ஓட்டியது. கேட்டால் ‘டெஸ்ட் பண்ணேன்’ என்கிறார்.

எனக்கு உறுத்துவது பணம். ஸ்விட்ச்சிலேயே கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஈஷாப்பில் பிள்ளை வாங்காமல் தடுக்கிற வசதி இந்த ஆப்பில் இல்லை. நின்டெண்டோ அக்கவுண்ட் இணையதளத்துக்குப் போய்த் தனியாக வைக்க வேண்டும். நேரத்துக்குப் பூட்டு முன்வாசலில், பணத்துக்குப் பூட்டு கொல்லைப்புறத்தில். பௌசர் வீடியோ பார்த்த நிம்மதியில் கொல்லைப்பக்கம் எத்தனை பேர் போவார்கள்? இது வெட்டிக் கவலை இல்லை. ஃபோர்ட்நைட் என்ற கேமில் ஆட்களைத் தெரியாமல் பட்டனை அழுத்தி வாங்க வைத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை முடிக்க, 24.5 கோடி டாலர் திருப்பித் தர, அதை நடத்தும் எபிக் கேம்ஸ் 2022-ல் ஒப்புக்கொண்டது. அது வேறு கம்பெனிதான், ஆனால் அந்த கேம் ஸ்விட்ச்சிலும் ஓடுகிறது.

நேரத்துக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன், பணத்துக்கு ஒன்றரை. ஸ்விட்ச் வாங்கினால் பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் திறந்து பிறந்த வருஷத்தை உள்ளபடி போடுங்கள். கார்டு நம்பரைச் சேமித்து வைக்காதீர்கள். இந்தப் பூட்டுக்கான பின் நம்பராகக் கல்யாண நாளைப் போடவே போடாதீர்கள், ஆல்பத்தில் இருக்கிறது.