நேரே பிரிண்டா, பிடிஎஃப் வழியாகவா?

போன மாதம் ஒரு வாடகை ஒப்பந்தத்தை வீட்டில் வேர்டில் அடித்து, பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். வீட்டுத் திரையில் சரியாக 2 பக்கம். முதல் பக்கம் பத்திரத்தாளுக்கு, அடுத்தது வெள்ளைத்தாளுக்கு. கடைத் தம்பி கோப்பைத் திறந்தார், பத்திரத்தாளைச் செருகினார், பிரிண்ட் கொடுத்தார். வந்தது 3 பக்கம். மூன்றாவதில் விஷயம் ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துக் கோடுகளும் சாட்சிகளுக்கான இடமும் மட்டும் தனியாக நின்றன. "இதுல எப்படிங்க கையெழுத்துப் போடறது? நாளைக்கு இதுக்கு மேல யார் என்ன வேணும்னாலும் அடிச்சுக்கலாமே" என்றார் வீட்டுக்காரர். அவர் கேட்டதில் தப்பில்லை. பத்தியை நெருக்கி, இன்னொரு பத்திரத்தாள் வாங்கி, மறுபடி அடித்தோம்.

அன்றிலிருந்து நான் பிடிஎஃப் கட்சி.

வேகம், மை, செலவு எல்லாம் இரண்டு வழியிலும் ஒன்றுதான். அதில் பேச ஒன்றுமில்லை. சொந்த வீட்டில், சொந்தக் கணினியில், சொந்தப் பிரிண்டரில் ஒரு பக்கக் கடிதம் என்றால் வேர்டிலிருந்து நேரே அடித்துவிட்டுப் போகலாம். கோப்பு இன்னொரு கணினிக்குப் போகும்போதுதான் வித்தியாசமே தொடங்குகிறது.

வேர்ட் கோப்புக்குள் இருப்பது எழுத்தும், இன்ன ஃபான்ட் (எழுத்துரு) என்கிற பெயரும்தான். ஃபான்ட் கூடவே வருவதில்லை. திறக்கிற கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டால் வேர்ட் கையில் கிடைத்த வேறொன்றைப் போட்டு, வரிகளை முதலிலிருந்து எண்ணிப் பிரிக்கும். என் ஒப்பந்தம் லதா என்கிற தமிழ் ஃபான்டில் இருந்தது. விண்டோஸ் 10 முதல் லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் ஃபான்ட் தொகுப்பில்தான் வருகின்றன. கணினியில் தமிழைச் சேர்க்காதவர்களிடம் அவை இருக்காது. கடைக் கணினியில் இருந்தது நிர்மலா மட்டும். எழுத்தின் அகலம் வேறு, வரியின் உயரம் வேறு. நாற்பது வரியில் வரிக்குக் கொஞ்சம் நகர்ந்தால் போதும், கடைசிப் பத்தி அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடும். ஃபான்ட் இருந்தாலுமே பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருள்) மாறினால் சில கோப்புகளில் பக்கம் பிரியும் இடம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

பிடிஎஃப்பில் இந்தக் கணக்கு வீட்டிலேயே முடிந்துவிடுகிறது. எந்த எழுத்து தாளில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது எழுதப்பட்டு, தேவையான எழுத்து வடிவங்களும் உள்ளேயே பதிந்துவிடும். தமிழுக்கு இது கூடுதல் லாபம். 'கொ' என்று அடிக்கும்போது கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போய் நிற்க வேண்டும். அதைச் செய்வது மென்பொருளின் வேலை. பழைய மென்பொருளில் கொம்பு இடம் மாறி நிற்கும். பிடிஎஃப்பில் கொம்பு ஏற்கெனவே இடத்தில் உட்கார்ந்தாயிற்று.

பாமினி மாதிரிப் பழைய ஃபான்ட்களில் அடிப்பவர்களுக்கு இது இன்னும் கறாரான விஷயம். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள். ஃபான்ட்தான் அவற்றுக்குத் தமிழ் வேஷம் போடுகிறது. ஃபான்ட் இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் டிடிபிக் கடைகளில் பாமினி இருப்பதற்கு, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரும் ஒரு காரணம். 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுபோன அந்த மென்பொருளுக்கு யூனிகோடு தெரியாது.

வேர்டிலேயே ஃபான்டைக் கோப்புக்குள் பதிக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது: ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குள். ஆனால் திறக்கும்போது வரி பிரிக்கும் வேலை மறுபடி நடக்கத்தான் செய்யும். பாதித் தீர்வு.

பிரிண்ட் வராமல் மக்கர் செய்யும்போதும் பிடிஎஃப் கைகொடுக்கும். அதே பிரிண்டரில் பிடிஎஃப் ஒழுங்காக வந்து வேர்ட் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு வேர்டிலோ கோப்பிலோ இருக்கிறது. இரண்டுமே வரவில்லை என்றால் டிரைவர், கேபிள், அல்லது வரிசையில் சிக்கிக்கொண்ட பழைய வேலை. கடைசியாகச் சொன்னதற்கு, விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புவது இதுதான்) நிறுத்தி, விண்டோஸின் சிஸ்டம்32-க்குள் இருக்கும் ஸ்பூல் கோப்புறையில் பிரிண்டர்ஸ் என்பதைத் திறந்து காலி செய்து, ஸ்பூலரைத் திரும்ப ஓடவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். நான் சொல்வதெல்லாம் விண்டோஸை வைத்துத்தான். மேக்கில் இந்த அளவு மல்லுக்கட்டியதில்லை.

பிடிஎஃப்பிலும் கண்ணிகள் உண்டு. சில ஃபான்ட்கள் பதிக்க அனுமதி தராதவை. அடோபி ரீடரில் கன்ட்ரோல் டி அழுத்தி ஃபான்ட்ஸ் பக்கத்தைப் பார்த்தால், பதிந்திருக்கிறதா என்று பெயருக்குப் பக்கத்திலேயே தெரியும். பதிந்தும் கட்டங்களாக அச்சானால், பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' போட்டுப் பாருங்கள். மெதுவாக வரும், ஆனால் வரும்.

அளவையும் பாருங்கள். ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர், லீகல் அதைவிட நீளம். லீகல் அளவில் செய்த பிடிஎஃப்பை 'ஃபிட்' என்று விட்டு ஏ4-இல் அடித்தால் எல்லாம் சுருங்கும், பத்திரத்தாளில் முத்திரைக்காக விட்ட மேல் இடமும் சேர்ந்து சுருங்கும். 'ஆக்சுவல் சைஸ்' கொடுத்து, முதலில் ஒரு வெறுந்தாளில் அடித்து, பத்திரத்தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன்.

நேரே அடிப்பவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு, மறுக்க முடியாது. கடையில் நிற்கும்போது அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று தெரிந்தால் வேர்டில் அரை நிமிட வேலை. பிடிஎஃப்பில் அவ்வளவு சுலபமாகத் திருத்த முடியாது; அதிலிருந்து தமிழை நகலெடுத்து வேறெங்காவது ஒட்டினாலும் கொம்பும் காலும் பல நேரம் கலைந்துதான் வரும். அதனால் பென் டிரைவில் வேர்ட் கோப்பையும் போட்டுக்கொள்கிறேன், கூடவே லதாவின் ஃபான்ட் கோப்பையும். கடைக் கணினியில் திருத்தினால் அங்கேயே மறுபடி பிடிஎஃப்பாக்கி, பக்கம் 2-தானா என்று எண்ணிய பிறகே பத்திரத்தாளைத் தம்பி கையில் கொடுக்கிறேன்.