நெல்லை வாடகைக் கேரவன்: படுக்கையைப் பார்க்கும் முன் தண்ணீர்த் தொட்டியைப் பாருங்கள்

திருநெல்வேலியில் வாடகைக்குக் கிடைக்கும் டெம்போ டிராவலர் கேரவன் இது. படுக்கை, ஏசி இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. குற்றாலம், பாபநாசம் என்று குடும்பத்தோடு இரண்டு நாள் சுற்ற தாராளமாக எடுக்கலாம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஒரு பெரிய குறை உண்டு.

நல்ல தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர். கறுப்பு நிறம், வெளிச்சம் புகாது, அதனால் பாசி பிடிப்பது குறைவு. கையை உள்ளே விட்டுத் தேய்க்கும் அளவுக்கு அகலமான மூடி, அடியில் வடிகால் குழாய். யோசித்துச் செய்திருக்கிறார்கள். இருந்தாலும் பல நாள் நின்ற வண்டி என்றால் கிருமி நீக்காமல் வாங்காதீர்கள். 100 லிட்டருக்குப் புதிய ப்ளீச்சிங் பவுடர் 15 கிராம் போதும். வாளியில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு உள்ளே போனால் பம்பின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். தொட்டியை நிரப்பி, ஒவ்வொரு குழாயையும் குளோரின் வாசனை வரும்வரை திறந்து மூடி, நாலு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு முழுக்க வடித்து, வாசனை போகும்வரை அலசுங்கள். உவரி, கூடங்குளம் பக்கத்து உப்புப் போர்த் தண்ணீரை இதில் நிரப்பினால் ஹீட்டரில் உப்பு படியும். குடிக்க எப்போதும் தனிக் கேன்தான்.

குறை இதுதான்: நல்ல தண்ணீர் பிடிக்கும் ஹோஸும் கழிவு வடிக்கும் ஹோஸும் ஒரே பெட்டியில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருட்டிக் கிடக்கின்றன. கழிவு ஹோஸின் வாயில் ஒட்டியிருப்பது நல்ல ஹோஸுக்கு வந்துவிட்டால், தொட்டியை எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. வயிற்றுப்போக்கு வர இது ஒன்றே போதும். இரண்டையும் தனித்தனிப் பையில், வேறு வேறு நிறத்தில் கேட்டு வாங்குங்கள். நிரப்பும்போது ஹோஸின் நுனி தொட்டித் தண்ணீரில் முங்கக் கூடாது. குழாயில் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் பின்னுக்கு இழுக்கும்.

சிங்க், குளியல் கழிவுநீருக்கு 70 லிட்டர் தொட்டி. வடித்த கஞ்சியையும் சொதி ஒட்டிய தட்டையும் இதில் கழுவினால், சித்திரை வெயிலில் ஒரே நாளில் புளித்து நாறும். தேங்காய்ப்பால் கொழுப்பு அளவுமானியின் முனையில் படிந்து, காலித் தொட்டியையும் 'நிறைந்தது' என்று காட்டும். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிடுங்கள். அப்படியும் நாற்றம் வந்தால் சிங்கின் அடியில் தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைகுழாய் காய்ந்திருக்கும், ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுங்கள்.

கழிப்பறைக் காசெட், அதாவது வெளியே இழுத்துக் காலி செய்யும் மலத்தொட்டி, 18 லிட்டர், நாலு பேருக்கு ஒன்றரை நாள் தாங்கும். காலி செய்ததும் இரண்டு லிட்டர் தண்ணீரும் அதற்கென்றே விற்கும் திரவமும் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே தள்ள வேண்டும், இல்லையென்றால் மலம் அடியில் இறுகும். பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் எதுவும் வேண்டாம். ஆசிடும் ப்ளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ரப்பர் சீலுக்கு வாசலின் தடவினால் அது ஊதிப்போகும், சிலிக்கான் கிரீஸ்தான் சரி.

காசெட்டைக் கொட்டுவதற்கு செப்டிக் டேங்க் உள்ள லாட்ஜ் அல்லது பெட்ரோல் பங்க் கழிப்பறைதான் இடம், கேட்டுவிட்டுக் கொட்டுங்கள். வாய்க்காலிலோ தாமிரபரணியிலோ ஒரு சொட்டும் விடக் கூடாது. கீழே நெல்லையும் தூத்துக்குடியும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. கொட்டும்போது காசெட்டில் உள்ள, காற்றை உள்ளே விடும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மேலே தெறிக்காமல் சீராக இறங்கும். கையுறை வண்டியில் தருவதில்லை, நாம்தான் கொண்டுபோக வேண்டும்.