எர்லிபாயிண்ட்: கண் போகும் வழியை வைத்து ஆட்டிசம் பார்க்கும் கருவி, எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகத்தோடு வரும் 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்காக, 2022-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. (மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அரசு அமைப்பு) அனுமதி பெற்ற கருவி இது. ஊசியும் இல்லை, ஸ்கேனும் இல்லை. பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் வீடியோக்களைக் குழந்தை சுமார் 12 நிமிடம் பார்க்கும். அதன் கண் திரையில் எங்கே நிற்கிறது என்பதை நொடிக்கு 120 முறை கேமரா பதிவு செய்யும். சம வயதுப் பிள்ளைகளின் பார்வையோடு ஒப்பிட்டு, சமூகத் திறன், பேச்சு, பேச்சு சாராத கற்றல் என மூன்று ஸ்கோர் வரும்.

அடிப்படை உறுதியானது. அட்லாண்டாவின் மார்கஸ் ஆட்டிசம் மையத்தில் வாரன் ஜோன்ஸ், அமி கிளின் இருவரும் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் தொடக்கத்தில் மற்றவர்களைப் போலவே வீடியோவில் பேசும் பெண்ணின் கண்ணைப் பார்த்தார்கள். 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையில்தான் அது குறைந்தது. 2017-ல் வந்த இரட்டையர் ஆய்வு இன்னும் வலுவானது: கண்ணைப் பார்க்கும் அளவில், மரபணு ஒன்றாகவே இருக்கும் ஒரே கரு இரட்டையருக்குள் ஒப்புமை 0.91 (1 என்றால் முழு ஒப்புமை), சாதாரண உடன்பிறப்புகளைப் போன்ற இரு கரு இரட்டையருக்குள் 0.35. முகத்தில் எதைத் தேடுவது என்பதில் மரபணுவுக்கு அவ்வளவு பெரிய பங்கு. வளர்ப்பைக் குறைசொல்லி அம்மாவைக் கூண்டில் ஏற்றுபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆனால் துல்லியம்? 2023-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்த ஆய்வு, அமெரிக்காவின் 6 சிறப்பு மையங்களில் 475 குழந்தைகளிடம் நடந்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் 71 சதவீதத்தினரைக் கருவி சரியாகக் கண்டது, இல்லாதவர்களில் 80.7 சதவீதத்தினரை இல்லை என்றது. நிபுணர்களுக்கே தெளிவாக இருந்த குழந்தைகளில் இவை 78.0, 85.4 ஆக உயர்ந்தன. அதாவது டாக்டருக்குக் குழப்பம் வரும் இடத்தில்தான் கருவியும் தடுமாறுகிறது.

இதை எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப் பரிசோதனையாக வைத்தால் கணக்கு கெட்டுவிடும். 1,000 குழந்தைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொண்டால், 7 பேர் கிடைப்பார்கள். கூடவே சுமார் 190 பேர் வீணாகப் பயப்படுவார்கள். சந்தேகம் வந்த பிறகு, டாக்டரின் கையில் உள்ள ஒரு துணைக் கருவியாக மட்டுமே இதை ஏற்கலாம்.

சோதனையன்று கெடுப்பவை சின்ன விஷயங்கள்தான். முதலில் கண்ணின் நிலையைக் கருவிக்குப் பழக்கும் அளவீடு சரியாக அமையாவிட்டால் பின்னால் வரும் எல்லாமே தள்ளிப் பதிவாகும். மாறுகண், மூக்குக் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம், திரும்பிக்கொண்டே இருக்கும் தலை ஆகியவை சிக்கல் தரும். தூக்க நேரத்திலும் பசியிலும் கூட்டிப் போகாதீர்கள். பார்வை, கேட்கும் திறன் இரண்டையும் முன்பே பார்த்திருக்க வேண்டும். காது சரியாகக் கேட்காத குழந்தை காட்சியைப் பின்தொடரும் விதமே வேறு. வீடியோவின் மொழி அல்லாமல் வீட்டில் வேறு மொழி கேட்டு வளரும் குழந்தை என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

முடிவு "இல்லை" என்று வந்தாலும், பெயர் சொன்னால் திரும்பாமை, விரல் நீட்டிக் காட்டாமை தொடர்ந்தால் நேரடி மதிப்பீட்டை விடக்கூடாது. பேச்சுப் பயிற்சியை எந்த ஸ்கோருக்காகவும் தள்ளிப்போட வேண்டாம்.