நிகான் மோனார்க் எம்7 8×42: தனுஷ்கோடிக் கடற்பறவைகளுக்குப் போதுமா?

தனுஷ்கோடியின் நுனியான அரிச்சல்முனையில் அபூர்வக் கடற்பறவைகள் கரையோரம் ஒதுங்குவது பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குக் காற்று ஓங்கி அடிக்கும் நாட்களில். அந்தக் காற்றில் 10 மடங்கு பைனாகுலர் கையில் ஆடிக்கொண்டே இருக்கும். 8 மடங்கே சரி.

நிகானின் எம்7 8×42 பைனாகுலரின் (8 மடங்கு, 42 மி.மீ. முகப்பு லென்ஸ்) எடை 670 கிராம். 1,000 மீட்டர் தூரத்தில் 145 மீட்டர் அகலத்துக்குக் கடலைக் காட்டுகிறது. இதே வரிசை 10×42-இல் 121 மீட்டர்தான். அலைமடிப்பில் மறைந்து மறைந்து வரும் பறவையைத் திரும்பப் பிடிக்க அந்தக் கூடுதல் அகலம் பெரிய உதவி. ஓரங்களில் கூர்மை கொஞ்சம் குறைகிறது, ஆனால் பறக்கும் பறவையை நடுவில்தானே வைத்துப் பார்க்கப் போகிறோம்!

பறவை வந்த பிறகு ஃபோகஸ் தேடினால் அது போய்விடும். தூரத்துப் படகு ஒன்றில் முன்பே ஃபோகஸ் வைத்துவிடுங்கள். தொடுவானம் காட்சியின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்கட்டும். பறவைகள் நீரை ஒட்டித்தான் வரும். காலையில் சூரியனை முதுகுக்கு விட்டு, ஆண்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் தென்மேற்கே பாருங்கள். எதிர்வெயிலில் பிரைடில்டு ஆலா (Bridled Tern), சூட்டி ஆலா (Sooty Tern) என்ற இரண்டு கடற்பறவைகளும் ஒரே கறுப்பு. எந்த லென்சும் காப்பாற்றாது. நல்ல வெளிச்சத்தில் பக்கத்தில் வந்தால் சந்தேகமே இல்லை: பிரைடில்டுக்கு நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டிப் புருவம்போல் பின்னால் ஓடும், முதுகு சாம்பல் கலந்த பழுப்பு. சூட்டிக்கு வெள்ளை கண்ணோடு நின்றுவிடும், முதுகு கறுப்பு. உடல் முழுக்கப் பழுப்பாக, உச்சந்தலை மட்டும் வெளுத்திருந்தால் அது நோடி (Noddy) என்ற இன்னொரு ஆலா வகை.

தொலைவில் போகும் ஷியர்வாட்டர் (Shearwater) என்ற கடற்பறவைக்கு இந்த பைனாகுலர் போதாது. அலகு வெளிர்நிறமா, நுனி கருமையா என்று பார்க்க முக்காலியில் வைத்த ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்கண் தொலைநோக்கி) வேண்டும். அதிலும் 30 மடங்குக்கு மேல் போனால் கானல்தான் பெரிதாகும். முக்காலியைத் தாழ்த்தி, வண்டியின் மறைவில் நிறுத்துங்கள்.

லென்சின் வெளிப்பூச்சில் நீரும் எண்ணெயும் ஒட்டுவதில்லை. இருந்தும் சாரல் காய்ந்தால் உப்பு படியும். சட்டை நுனியால் துடைத்தால் அந்த உப்புத் துகளே பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் மணலை ஊதி, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, அதன் பிறகே லென்ஸ் துணி. ஊர் திரும்பும்வரை தள்ளிப்போடாமல் அன்றைக்கே செய்யுங்கள்.