பிளாட்ஸ், பிளாசா: ஒரே வேர், இரண்டு ஊர்

லத்தீனில் பிளாட்டேயா என்றால் அகலமான தெரு, அதையும் கிரேக்கத்திலிருந்து வாங்கியதுதான். அது ஜெர்மன் வழியாகப் போலந்துக்குப் போய் 'பிளாட்ஸ்' ஆனது, ஸ்பானியரோடு கப்பலேறி பிலிப்பைன்ஸ் போய் அங்குள்ள தகலோக் மொழியில் 'பிளாசா' ஆனது.

போலந்தின் பொது மொழியில் பிளாட்ஸ் என்றால் சதுக்கம். சரி, அதில் ஒன்றும் விசேஷமில்லை. வட்டார வழக்குதான் சுவாரசியம். கிராகோ நகரில் "பிளாட்ஸுக்குப் போறேன்" என்றால் காய்கறி வாங்க ஸ்தாரி கிளெபாஷ் மாதிரி ஒரு சந்தைக்கு என்று அர்த்தம். போலந்தின் சிலேசியா வட்டாரத்தில் அதே சொல்லுக்கு வீட்டு முற்றம் என்று பொருள். அங்குள்ள கத்தோவிட்ஸே நகரின் நிகிஷோவியெட்ஸ் பகுதியில் 1908 முதல் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய செங்கல் குடியிருப்புகளுக்கு நடுவே இருக்கிறதே, பிள்ளைகள் ஓடியாடும் அந்த மாதிரி இடம்.

தகலோகில் சொல் இப்படி வீட்டு வாசல் வரை வரவில்லை. 1573-இல் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் போட்ட நகரமைப்பு விதிகளின்படி பிளாசாவின் நீளம் அகலத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், கடலோர ஊரானால் கப்பல் வந்து சேரும் இடத்தருகே அமைய வேண்டும். அதனால் இன்றும் பல ஊர்களில் பிளாசா என்றால் தேவாலயமும் நகராட்சியும் பார்த்து நிற்கும் திடல், அங்கேதான் ஊர்த் திருவிழா. காய்கறிக்கு? அதற்கு 'பலெங்கே' என்று தனிச் சொல், அதுவும் ஸ்பானிய இறக்குமதிதான்.

எனக்கென்னவோ சிலேசியாக்காரர்தான் பிடிக்கிறது, மன்னர் அளந்து கொடுத்த திடலைவிட முற்றம் தேவலை.