மாற்று மோடமின் ஐபியைத் தொடாதீர்கள்: கப்பலில் மூன்று சாட்டிலைட் இணைப்புகளோடு என் அனுபவம்

சரக்குக் கப்பலில் இ.டி.ஓ (மின், மின்னணு அதிகாரி) வேலை எனக்கு. மோட்டார், ஜெனரேட்டர், அலாரம் எல்லாம் போக, நெட் வரவில்லை என்றாலும் என் கேபின் கதவைத்தான் தட்டுவார்கள். இப்போதைய கப்பலில் மூன்று இணைப்புகள்: முதலில் ஸ்டார்லிங்க், அது இல்லாதபோது இன்மார்சாட்டின் ஃப்ளீட்பிராட்பேண்ட், அதுவும் போனால் இரிடியம் செர்ட்டஸ். இவற்றின் வேகத்தையும் விலையையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். மாற்று மோடமுக்கு ஐபி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண் முகவரி, அமைப்பது பற்றிய பேச்சு குறைவு. பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

மாற்று இணைப்பு என்றோ வரும் ஆபத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். சீனக் கடற்பகுதியில் ஸ்டார்லிங்குக்கு அனுமதி கிடையாது. அந்தப் பக்கம் போகும் ஒவ்வொரு முறையும் இரண்டாவது மோடம்தான் கப்பலைத் தாங்குகிறது.

பெட்டியிலிருந்து வரும்போதே இந்தக் கருவிகளுக்கு முகவரி உண்டு. செய்லர் 250, 500 வகை ஃப்ளீட்பிராட்பேண்ட் டெர்மினலுக்கு 192.168.0.1. செர்ட்டஸுக்கு நாங்கள் வைத்திருக்கும் தாலெஸ் வெசல்லிங்குக்கு 192.168.250.1. ஸ்டார்லிங்க் டிஷ்ஷுக்கு 192.168.100.1. மூன்றும் வேறு வேறு சப்நெட் (முகவரிக் குழு), ஒன்றோடு ஒன்று மோதாது. மோதுவது கப்பலுக்குள் இருக்கும் நெட்வொர்க்தான். துறைமுகக் கடையில் வாங்கி மாட்டிய வைஃபை ரவுட்டர்களில் பலவும் 192.168.0.1 என்றே வரும். உள்ளேயும் 192.168.0, வெளியேயும் 192.168.0 என்றால், மெயின் ரவுட்டர் எந்த பாக்கெட்டை எந்தப் பக்கம் தள்ளும்? ஸ்டார்லிங்க் ஓடும்வரை இது யார் கண்ணிலும் படாது. மாறவேண்டிய நேரத்தில்தான் பல்லிளிக்கும்.

பலர் உடனே மோடமின் முகவரியை மாற்றிவிடுவார்கள். நான் அதற்கு எதிர்க்கட்சி. மோடம் பழுதானால் ஏதாவது ஒரு துறைமுகத்தில் வேறொன்று வரும், அது 192.168.0.1 என்றுதான் வரும். ரீசெட் அடித்தாலும் அந்த எண்ணுக்கே திரும்பும். கரையிலிருந்து போனில் வழி சொல்லும் டெக்னீஷியனும் மேனுவலில் இருக்கும் எண்ணைத்தான் சொல்வார். அதனால் மோடம்களை அப்படியே விட்டுவிட்டு, கப்பலின் உள் நெட்வொர்க்கை 10 என்று தொடங்கும் வரிசைக்கு மாற்றினேன்: பிரிட்ஜுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று, க்ரூவுக்கு ஒன்று. பிரிண்டர், சிசிடிவி என்று ஒவ்வொன்றாகத் தேடி மாற்றுவது எரிச்சலான வேலைதான். ஆனால் ஒரு முறை செய்தால் போதும்.

மாற்று மோடம்களின் பக்கம் ரவுட்டர் போர்ட்டுக்கு நிலையான ஐபி கொடுத்திருக்கிறேன், மோடம் தானாக முகவரி கொடுக்கும் (டிஹெச்சிபி) வரம்புக்கு வெளியே. ஸ்டார்லிங்குக்கு மட்டும் டிஹெச்சிபி. அதில் ஒரு பொடி விஷயம் உண்டு. டிஷ் சாட்டிலைட்டைப் பிடிக்காத நேரத்தில், தானே 192.168.100 வரிசையில் ஒரு முகவரியை ரவுட்டருக்குக் கொடுக்கும். ரவுட்டரும் "ஐபி வந்தாச்சு, லைன் இருக்கு" என்று நம்பி உட்கார்ந்துவிடும். 192.168.100.1 தரும் டிஹெச்சிபி முகவரியை ஏற்காதே என்று ரவுட்டரில் போட்டுவிட வேண்டும். டிஷ்ஷின் நிலையைப் பார்க்க அதே எண்ணுக்குத் தனியாக ஒரு ஸ்டாட்டிக் ரூட்டும் (நாமே எழுதிவைக்கும் நிலையான வழி) போட்டுக்கொள்ளலாம்.

நிலையான ஐபியிலும் இதே குழப்பம் வேறு வடிவில் வரும். ஆன்டெனாவைப் புகைபோக்கி மறைத்து சிக்னல் போனாலும், மோடமுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள கேபிளில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மோடமை பிங் செய்து (சின்ன பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்த்து) பயனில்லை. இணையத்தில் இருக்கும் ஒரு முகவரியை அந்த இணைப்பு வழியாகவே பிங் செய்ய வேண்டும். இங்கே கணக்குப் பாருங்கள். சாதாரண பிங் 84 பைட், பதிலும் 84. நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 14.5 எம்பி, சும்மா "இருக்கிறாயா" என்று கேட்பதற்கு மட்டும். எம்பி கணக்கில் பில் வரும் லைனில் இது அநியாயம். நிமிடத்துக்கு ஒன்று என்றால் கால் எம்பி கூட ஆகாது. மாற்று இணைப்புகளுக்கு அதுவே போதும்.

பிங்குக்குத் தேர்ந்தெடுத்த முகவரியை டிஎன்எஸ்ஸாகவும் (தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) வைக்காதீர்கள். கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8 ஸ்டார்லிங்க் வழியாக மட்டுமே போகும்படி ரூட் போட்டிருந்தால், ஸ்டார்லிங்க் போனதும் அந்த டிஎன்எஸ்ஸும் சேர்ந்து போகும். லைன் மாறியிருக்கும், ஆனால் ஒரு தளமும் திறக்காது. கேப்டன் "என்ன இ.டி.ஓ, பேக்கப் வேலை செய்யலையா?" என்பார்.

ஃப்ளீட்பிராட்பேண்டின் உச்ச வேகம் 432 கேபிபிஎஸ், செர்ட்டஸ் 700 என்ற வகையில் டவுன்லோடுக்கு 704. க்ரூ நெட்வொர்க்குக்கு இந்த இரண்டிலும் வழியே இல்லை. வீட்டுக்கு வீடியோ கால் பேசமுடியாது என்று பசங்களுக்கு வருத்தம்தான். திறந்துவிட்டால் போன்களின் ஆப் அப்டேட்டே மொத்தத்தையும் விழுங்கிவிடும். மெயில், வானிலை, சார்ட் திருத்தம், இவ்வளவுதான் போகும்.

கரையிலிருந்து கப்பலுக்குள் நுழையவேண்டும் என்று அலுவலகம் கேட்கும். ஸ்டார்லிங்கில் பொது ஐபி கேட்டு வாங்காவிட்டால் 100.64 முதல் 100.127 வரையுள்ள பகிர்வு முகவரிதான் கிடைக்கும். வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வரமுடியாது. கப்பலே கரைக்கு விபிஎன் (இணையத்துக்குள் போகும் பாதுகாப்பான தனிப்பாதை) கூப்பிடும்படி வைத்ததும், எந்த லைனில் இருந்தாலும் அலுவலகம் எங்களை அதே முகவரியில் பார்க்கிறது.

சோதிக்கும்போது ஸ்டார்லிங்க் கேபிளைப் பிடுங்கிப் பார்த்து "மாறிடுச்சு" என்று திருப்திப்படுகிறார்கள். கேபிள் போனால் எந்த ரவுட்டரும் மாறும். நான் கேபிளை விட்டுவிட்டு, ஸ்டார்லிங்க் பக்கத்து பிங் முகவரியை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டு, பிரிட்ஜ் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு மெயில் அனுப்பச் சொல்வேன். சீனக் கரை நெருங்குவதற்கு முந்தைய நாள் இதைச் செய்வது வழக்கம்.